அபிஷாவுக்கு எழுதிய பூஜ்யம்

ஜன்னலோரம் நீயே இருந்துகொள் மக்களே. எனக்கு எதிர்காற்று ஆகாது. திருவனந்தபுரம் தம்பானூர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான் இறங்கி வேறு வண்டி மாறவேண்டும். இந்த வண்டி மார்த்தாண்டத்தில் எப்படியும் அரை மணி நேரம் நிற்கும். மேம்பாலம் கட்டுவதற்கு முன்னாலும் நின்றது, கட்டிய பிறகும் நிற்கிறது.

நீ நர்ஸ்தானே? கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறாய், அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

இந்தப் பையில் இருப்பது முந்திரிக்கொத்து. மகளுக்கு. அவள் அங்கே கழக்கூட்டம் என்கிற இடத்தில் இருக்கிறாள், ஒரு கோச்சிங் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போவேன். அவள் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி உண்டு, அங்கே அரை மணி நேரம் எதிரும் புதிருமாக இருப்போம். டீ குடிப்போம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பாள். சாப்பிடுகிறேன் என்பேன். பஸ் ஏற்றிவிட்டுப் போவாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் தேவலை, ஒரு நாள் முடியும்.

சொல்கிறேன், கேள். நீ தெரியாத பிள்ளை, அதனால் சொல்லலாம். தெரிந்தவர்களிடம் சொன்னால் அனுதாபத்துக்குச் சொல்கிறாள் என்பார்கள். எனக்கு அனுதாபம் வேண்டாம். நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை, அது முதலில் உனக்குத் தெரியவேண்டும்.

என் பெயர் ஹெப்சிபாய். ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பதினாறு வருடம் அந்த மையத்துக்கு நான்தான் பொறுப்பு. பெரிய கணினி ஒன்று உண்டு, எங்கள் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரும் தங்கள் கணக்குகளை அதில்தான் போட்டு ஓட்டுவார்கள். ஒருவர் வேலை இரண்டு நாள் ஓடும், இன்னொருவருடையது இருபது நாள் ஓடும். யாருக்கு எவ்வளவு இடம் என்று அளந்து கொடுப்பது என் வேலை. ஒருத்தரும் இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. விடைகொடுக்கும் கூட்டத்தில் அதைத்தான் எல்லாரும் பேசினார்கள். வேலை என்று வந்தால் ஹெப்சி மேடத்துக்குச் சொந்தம் பந்தம் கிடையாது என்றார்கள். கைதட்டினார்கள்.

அளந்து கொடுப்பது என்றால் என்னவென்று கேட்கிறாயா? எளிதாகச் சொல்கிறேன். கணினிக்கு நினைவகம் என்று ஒன்று உண்டு. அடுக்களையில் காய் நறுக்குகிற மேடை மாதிரி. வேலை நடப்பதெல்லாம் அதன் மேல்தான். மேடை நிறைந்து போனால் என்ன செய்வோம்? இப்போது கைக்கு வேண்டாத பாத்திரத்தை எடுத்துப் பரணில் வைப்போம். வேண்டும்போது ஏறி எடுப்போம். கணினிக்கும் அப்படி ஒரு பரண் உண்டு, ஸ்வாப் என்பார்கள். மேடையைவிட ரொம்ப மெதுவானது. ஆனால் வேலை நின்று போகாமல் காப்பாற்றிவிடும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் வேதியியல் துறை டென்னிசன் சார் ஒரு வேலையை ஓடவிட்டார். அது மேடையையும் நிரப்பி, பரணையும் முழுக்க அடைத்துக்கொண்டது. கணினி பரணுக்கும் மேடைக்கும் ஏறி இறங்கியே களைத்துப் போய் இரண்டு நாள் யாருக்கும் அசையவில்லை. எல்லாரும் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். அப்போதுதான் நான் குழு குழுவாகப் பிரித்தேன். ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் ஒரு குழு. அவர் ஓட்டுகிற வேலையெல்லாம் அந்தக் குழுவுக்குள் வந்துவிடும். குழுவுக்கு மேடையில் இவ்வளவு, பரணில் இவ்வளவு என்று ஒரு கோப்பில் எண் எழுதி வைத்துவிட்டால் போதும். அதற்கு மேல் கேட்டால் கணினி அந்தக் குழுவுக்குள்ளேயே பெரிய வேலையாகப் பார்த்துக் கொன்றுவிடும். கொல்வது என்றுதான் சொல்வோம், நீ பயப்படாதே. பக்கத்துக் குழுவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நல்ல ஏற்பாடு.

ஆளுக்கு மேடையில் இருபது ஜிபி, பரணில் எட்டு. எல்லாருக்கும் ஒரே அளவு. டென்னிசன் சாருக்கும் எட்டுதான்.

என் மகள் அபிஷா அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது அதற்கு அப்புறம். வேண்டாம் என்றுதான் சொன்னேன், திருநெல்வேலியில் போய்ச் சேர் என்றேன். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இங்கேதான் இருந்தார், அவளுக்கு அவரிடம் படிக்கவேண்டும். அவள் அப்பா அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டில் நானும் அவளும்தான். என்னைத் தனியே விட மனசில்லாமல்கூட இருந்திருக்கலாம், அதை அவள் சொல்லவில்லை. கடல் அரிப்புதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். கடற்கரை ஊர்களில் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடுகிறார்கள் இல்லையா, ஒரு ஊரில் போட்டால் அந்த மணல் அடுத்த ஊரில் எங்கே காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்கிற கணக்கு. நல்ல கணக்கு.

அவள் சேர்ந்த வாரம் ஓய்வறையில் டென்னிசன் சார் சிரித்துக்கொண்டே, "மேடம் மக உள்ள வந்தாச்சு, இனி நமக்கெல்லாம் அடிச்சட்டியில ஒட்டினதுதான்" என்றார். தமாஷுக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்து அவளுக்குக் குழு உண்டாக்கினேன். மேடையில் இருபது என்று எழுதினேன். பரணுக்கு ஒரு கோப்பு உண்டு என்றேன் இல்லையா? அதில் நாம் ஒன்றும் எழுதாவிட்டால் வரம்பே கிடையாது. அதன் பிறவிக்குணம் அது. நாம் எழுதினால்தான் வரம்பு.

நான் பூஜ்யம் என்று எழுதினேன்.

பிறகு கூட்டிக் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான். யாராவது எட்டிப் பார்த்து, மகளுக்கு எவ்வளவு வைத்திருக்கிறாள் என்று தேடினால், அவர்கள் கண்ணில் அந்தப் பூஜ்யம் படட்டும் என்று. யாரும் தேடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அவள் சின்னதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி நடக்கும். ஒரு வருடம் நான் நடுவர். ஒரு சொல் தவறாமல் ஒப்பித்தாள், ஒன்பது வயதில். இரண்டாம் பரிசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, நான் எங்கே தப்பு விட்டேன் என்று கேட்டாள். எங்கேயும் இல்லை மக்களே என்றேன். அப்புறம் ஏன் என்று அவள் கேட்கவில்லை. புத்திசாலிப் பிள்ளை.

தக்கலை வந்துவிட்டது பார். கூட்டம் ஏறும், பையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. அவள் கணக்குகள் சின்னது, மேடையோடு முடிந்துவிடும். நாலாவது வருடம்தான் பெரிய ஓட்டம். பதினேழு நாள் ஓடவேண்டும். பழைய காலத்து நிரல் அது, புரோகிராம் என்பார்களே, முன்னால் படித்துப் போன யாரோ எழுதியது. இடையில் ஒன்றையும் எழுதி வைக்காது, எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டே போய்க் கடைசி நாள்தான் கொட்டும். கொட்டுகிற நேரத்தில் மட்டும் இடம் கூடுதலாகக் கேட்கும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பதினேழாவது நாள், அது செத்துப் போனது. அவள் திரையில் 'கில்டு' என்று ஒரே ஒரு சொல்.

நிர்வாகிக்கு மட்டும் ஒரு பதிவேடு உண்டு. அதில் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. இந்தக் குழு, இந்த வேலை, இருபதைத் தாண்டிற்று, பரணில் இடம் பூஜ்யம், கொன்றாயிற்று. அன்று சாயங்காலமே படித்தேன்.

வீட்டில் ஆபீஸ் பேசுவதில்லை என்பது என் வழக்கம். அலுவலகத்தில் வைத்துத் தெரிந்துகொண்டதை வீட்டில் போய் மகளிடம் சொன்னால் அது என்ன நியாயம்? மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் வந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? அதோடு அந்தக் கோப்பு ஒன்றும் ரகசியமில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அவளும் திறந்திருக்கலாம்.

அவள் திறக்கவில்லை. எல்லாருக்கும் இருபதும் எட்டும் என்று அறிவிப்புப் பலகையில் நானே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தேன். தனக்கும் எட்டு இருக்கிறது என்றே கணக்கு வைத்திருக்கிறாள். இருபதும் எட்டும் இருபத்தெட்டு. என் வேலைக்கு இருபத்துமூன்றுதான் ஆகும், பிறகு ஏன் சாகிறது? அப்படியானால் என் நிரலில்தான் எங்கேயோ இடம் வீணாகக் கசிகிறது. இதுதான் அவளுடைய யோசனை. சரியான யோசனைதான், யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

இரண்டரை மாதம் தேடினாள். சாப்பாட்டு மேசையில் தாளைப் பரப்பி வைத்துக்கொண்டு, வரி வரியாக, பென்சிலை வாயில் கடித்துக்கொண்டு. பதினோராயிரம் வரி. இல்லாத ஒரு ஓட்டையைத் தேடினாள். மெலிந்து போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். நாலு மணிக்கு ஒரு டீ, ஆறு மணிக்கு ஒரு டீ போட்டுக் கொடுப்பேன். இஞ்சி தட்டிப் போட்டால் அவளுக்குப் பிடிக்கும். ஒரு நாள் தலையை நிமிர்த்தி, "நான் எங்கயோ மோசமா ஒண்ணு பண்ணியிருக்கேன், என் கண்ணுக்குத்தான் தெரியல" என்றாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும், சொல்.

அந்த மாதம்தான் டென்னிசன் சார் வராந்தாவில் என்னை மடக்கி, எட்டு போதவில்லை மேடம், பதினாறு ஆக்கித் தாருங்கள் என்றார். அன்றைக்கே ஆக்கிக் கொடுத்தேன். பரணில் நூறுக்கு மேல் சும்மாதானே கிடக்கிறது? அவருக்குக் கொடுத்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? அவர் எனக்கு உறவா, சொந்தமா?

ஏன் மக்களே அப்படிப் பார்க்கிறாய்? தண்ணீர் வேண்டுமா? பாட்டில் இருக்கிறது, குடி.

மே மாதம் இரண்டாம் தடவை ஓட்டினாள். மே முப்பத்தொன்றுக்குள் முடிவைக் கொடுத்தால்தான் பட்டத்துக்கு. ஏற்கெனவே ஒரு தடவை தவணை நீட்டி வாங்கியாயிற்று. பதினைந்தாம் நாள், ஒரு புதன்கிழமை, என் அலுவலக முகவரிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மதிப்பிற்குரிய அம்மையீர் என்று தொடங்கி, தங்கள் உண்மையுள்ள செ. அபிஷா என்று முடித்திருந்தாள். முறைப்படி எழுதியிருந்தாள், ஒரு பிழை கிடையாது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தற்போது எனக்குள்ள எட்டு ஜிபியோடு கூடுதலாக நான்கு தந்து உதவும்படி, என்று ஒரு வரி.

தற்போது எனக்குள்ள எட்டு.

அந்த வரியை நான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண் எழுத அரை நிமிடம் ஆகாது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், ஒன்றும் நிறுத்தவேண்டாம். ஆனால் விண்ணப்பங்களை நான் செவ்வாயும் வெள்ளியும்தான் பார்ப்பேன். இவளுக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். மகள் என்பதற்காகப் புதன்கிழமையே திறந்து செய்தால் அந்த மூன்று பேரும் கேட்கமாட்டார்களா? கேட்கமாட்டார்கள்தான், அவர்களுக்கு எங்கே தெரியும். ஆனால் எனக்குத் தெரியுமே. வெள்ளிக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகச் செய்யவேண்டும் என்று குறித்தும் வைத்தேன்.

அது வியாழக்கிழமையே முடிவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் முந்திக்கொண்டது. மே மாதம் கூட்டம் குறைவு, கணினி வேகமாக ஓடியிருக்கும். பதினொன்றே கால் மணிக்குச் செத்தது. மூன்று ஜிபி, மக்களே. இருபது நிமிடத்துக்கு மூன்று ஜிபி கிடைத்திருந்தால் போதும். பரண் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கு என் அறைக்கு வந்தாள். நாலு வருடத்தில் ஒரு நாளும் அவள் என் அறைக்கு வந்ததில்லை, வரக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அன்று அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். பார்த்தும் நம்பவில்லை போலிருக்கிறது, அதனால்தான் கேட்க வந்தாள். கதவுப் பக்கத்தில் நின்றாள். உள்ளே வேறு இரண்டு பேர் இருந்தார்கள்.

"மேடம், என் குழுவுக்கு ஸ்வாப் எவ்வளவு?"

"பூஜ்யம்."

"மத்தவங்களுக்கு?"

"எட்டு."

கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டாள்.

"எப்பத்திலிருந்து?"

"முதல்லருந்து."

"சரி மேடம்" என்றாள். கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர், மகளுக்கே பூஜ்யமா மேடம் என்று ஆச்சரியப்பட்டார். அந்த வாரம் மையம் முழுக்க அதே பேச்சு. எல்லாரும் என்னைப் பெரிதாகச் சொன்னார்கள்.

அன்று வழக்கம்போல வீட்டுக்கு வந்தாள். ராத்திரி சாப்பிட்டாள். மீன்குழம்பு, இரண்டாம் தடவைகூட ஊற்றிக்கொண்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்று, "நான் ரெண்டரை மாசம் தேடினேன்லா, அப்போ நீங்க எனக்கு டீ போட்டுத் தந்தீங்க" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை அது. ஏதோ ஞாபகம் வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவ்வளவுதான். இன்றுவரைக்கும் அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

மறுபடி ஓட்டினால் ஜூன் ஏழு எட்டு ஆகிவிடும். ஒரு வாரம் பிந்தும். ஒரு வாரம்தானே, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை. நான் போய்க் கேட்டிருக்கலாம் என்று என் தங்கை சொல்கிறாள். நான் எப்படிக் கேட்பது? நான் அந்த நிறுவனத்தில் ஒரு பொறுப்பில் இருக்கிறவள். ஜூன் மாதம் ஆராய்ச்சி மாணவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஜூலையில் இரண்டு பெட்டியோடு திருவனந்தபுரம் போனாள். போகும்போது என் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். முன்னால் எல்லாம் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். இப்போது நீங்கள், வாங்கள். இந்தப் பன்மை எந்த நாளில் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

இதோ, மார்த்தாண்டம். நான் சொன்னேன் இல்லையா, நின்றுவிட்டது பார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. உனக்கு யாரைத் தெரியும், சொன்னாலும் ஒன்றுமில்லை. அவள் போன மறுநாள் நான் அந்தக் கோப்பைத் திறந்து அவளுடைய பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். வரம்பு இல்லை என்று எழுதினேன். எட்டு இல்லை, பதினாறு இல்லை, பரண் முழுவதும் அவளுக்கு. முப்பத்தொரு வருடத்தில் நான் மீறின விதி அது ஒன்றுதான். உள்ளே ஒரு வேலையும் ஓடவில்லை, அதனால் யாருக்கும் ஒரு துளி இடமும் குறையவில்லை. அதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். தினமும் காலையில் போனதும் முதலில் அதைத் திறந்து பார்ப்பேன். அபிஷா. ஓடுகிற வேலை, ஒன்றுமில்லை. வரம்பு, இல்லை. பார்த்துவிட்டு மூடிவைப்பேன். மூன்று வருடம் அப்படி.

போன வெள்ளிக்கிழமை புதிதாக வந்திருக்கிற விஜினிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். நல்ல பையன், சுறுசுறுப்பு. குழுப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, "இது யாரு மேடம், ஆளே இல்ல, லிமிட்டும் இல்ல, விட்டுப்போச்சா?" என்று கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவன் ஒன்றும் கேட்டிருக்கமாட்டான். ஆனால் நான் போன பிறகு யாராவது பார்த்து, பார்த்தீர்களா, மகளுக்கு மட்டும் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால்? இவ்வளவு வருடத்துப் பெயர். நானே எடுத்துவிடுகிறேன் தம்பி, நீ எழுந்திரு என்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரு குழுவை அழிப்பதற்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் உள்ளே எறும்பளவு ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தாலும் கணினி விடாது மக்களே. முடியாது, உள்ளே ஆள் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பதில் போட்டு மறுத்துவிடும். நாம் என்ன அதிகாரியாக இருந்தாலும் சரி, மறுத்துவிடும். எத்தனையோ தடவை எனக்கு அப்படி மறுத்திருக்கிறது. உள்ளே ஆள் இல்லையென்றால் ஒரு பதிலும் போடாமல் அழித்துவிடும்.

அந்த வரியை அடித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், அன்று காலையிலும் பார்த்தேனே. ஆனாலும் அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏதாவது சொல்லும் என்று.

ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரிக்கு வந்து நின்றுகொண்டிருந்தது.